டைஸ் உருட்டும் கூட்டத்தை நாலு கட்டத்துக்குள் கொண்டுவருவது: நகைச்சுவை வெப்காமிக்குக்கு முழுமையான வழிகாட்டி

டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) மாதிரி மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரமாக விளையாடும் ஆட்டங்களை வைத்துத் தமிழில் காமிக் போட வேண்டும் என்று கேட்டுவரும் தம்பி தங்கைகள் இப்போது அதிகம். பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி, கோவை என்று எல்லைக்கு இரண்டு பக்கமிருந்தும் வருகிறார்கள். பெரும்பாலும் படம் நன்றாகவே வரைகிறார்கள். சிக்கிக்கொள்வது வேறு இடங்களில்: அந்த மேசையில் இருந்தவர்களுக்கு மட்டுமே சிரிப்பு வருகிற துணுக்கு, பலூனுக்குள் அடங்காத வசனம், மூன்றாவது வாரத்தில் தீர்ந்துபோகிற சரக்கு.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கணக்கில் நிற்கிறது. நீங்கள் போடும் ஒவ்வொரு துணுக்கையும் இரண்டு பேர் படிப்பார்கள். ஒருவர் விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். இன்னொருவர் ஆறு பக்க டைஸைத் தவிர வேறு டைஸைப் பார்த்திராத உங்கள் சித்தி. முதலாமவரிடம் தப்பு பிடிபடக் கூடாது, சித்திக்கு விளக்கம் தேவைப்படக் கூடாது. கீழே உள்ள வரிசை அதற்காகத்தான் இப்படி இருக்கிறது. குறிப்பாக, வரைவது எட்டாவது படியில்தான் வருகிறது. அதை முன்னே இழுக்காதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், விளையாடியிருக்க வேண்டும். வீடியோவில் மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்தது கணக்கில் வராது. அதிலிருந்து எழுதினால் ஏற்கெனவே ஊர் முழுக்கச் சுற்றிய துணுக்குகளே கையில் வரும். ஒரே மாலையில் முடியும் ஒன்-ஷாட் ஆட்டம் சிலவும், முடிந்தால் பல வாரம் நீளும் ஒரு கேம்பெயினும் உட்கார்ந்து ஆடிவிட்டு வாருங்கள். ஒன்-ஷாட்டில் ஆட்கள் நடிக்கிறார்கள். கேம்பெயினில்தான் சுயரூபம் வெளியே வரும்.

இரண்டாவது, சட்டைப்பையில் அடங்கும் நோட்டும் பேனாவும்.

மூன்றாவது, வரைய ஏதோ ஒன்று. போனில் ஐபிஸ் பெயிண்ட் போதும். கணினி இருந்தால் கிரிட்டா இலவசம். விலை கூடிய பேனா டேப்லெட் இல்லாமல் ஆரம்பிக்கலாம், கலர் இல்லாமலும் ஆரம்பிக்கலாம்.

நான்காவது, தமிழ் எழுத்துரு. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாமினி போன்ற பழைய முறை எழுத்துருக்களை விட்டுவிட்டு யூனிகோட் எழுத்துரு எடுங்கள். பலூ தம்பி 2, காவிவனர், மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமம் என்பதால் அச்சுப் புத்தகம் போட்டாலும் சிக்கல் இல்லை. வசனத்துக்கு பலூ தம்பி தடிமனாக, விளையாட்டாக நிற்கும். காவிவனர் கையெழுத்து மாதிரி சாய்ந்திருக்கும், கடிதம் அல்லது நோட்டுப் பக்கம் காட்டும்போது நல்லது.

எழுத்துருவை நிறுவியதும், நீங்கள் வரையப்போகும் மென்பொருளில் இந்த வரியைத் தட்டிப் பாருங்கள்: "கொடுத்தோம், பௌர்ணமி, மூக்கு, ஸ்ரீ." கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ புள்ளி வட்டம் தெரிந்தாலோ அந்த மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். பழைய பதிப்பு ஃபோட்டோஷாப் என்றால் அமைப்பில் எழுத்துப் பகுதிக்குப் போய் உலக மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவற்றில் சரிவராவிட்டால் படத்தை அங்கே வரைந்து, வசனத்தை மட்டும் இங்க்ஸ்கேப்பில் ஏற்றுங்கள். இந்தச் சோதனையைக் கடைசிக்குத் தள்ளினால், முப்பது பலூனையும் திரும்ப எழுத நேரும்.

2. மேசையில் குறிப்பெடுப்பது

நடந்ததை எழுதாதீர்கள், பேசியதை எழுதுங்கள். "டிராகன் செத்தது" என்ற குறிப்பு அடுத்த வாரம் எதற்கும் ஆகாது. "டிராகனோட பல்லை கிலோ என்ன விலைக்கு எடுப்பாங்க?" என்று ஒருத்தர் கேட்டது அப்படியே ஒரு காமிக். அந்தக் கேள்வியைக் கேட்டவர் நிஜத்தில் தேங்காய் வியாபாரம் செய்கிறவராக இருந்தால் அதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

வாய் பேசாததையும் கவனியுங்கள். தன் முறை வரும்வரை போனில் மூழ்கியிருந்துவிட்டு "இப்ப என்ன நடக்குது?" என்று கேட்பவர், எண்ணெய்க் கையோடு பழம்பொரியையும் டைஸையும் மாறி மாறித் தொடுபவர், விழுந்த எண் பிடிக்காவிட்டால் "டைஸ் மேசை விளிம்புல பட்டுச்சு, இது செல்லாது" என்று திரும்ப எடுப்பவர். உங்கள் காமிக்கில் பாதி இவர்களிடமிருந்துதான் வரும்.

ஒலிப்பதிவு வேண்டாம். நான்கு மணி நேரப் பதிவை யாரும் திரும்பக் கேட்பதில்லை. பதிவு ஓடுகிறது என்று தெரிந்தால் மேசையில் பேச்சும் விறைத்துவிடும். அன்றிரவே தூங்கும் முன் நோட்டைத் திறந்து, அரைகுறையாகக் கிறுக்கியதை முழு வாக்கியமாக்கி வைப்பது போதும்.

இதெல்லாம் செய்வதற்கு முன் கூட்டத்திடம் சொல்லிவிட வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் எல்லைகளைப் பேசிக்கொள்ளும் செஷன் ஜீரோவிலேயே "இதை வைத்து நான் காமிக் போடுவேன்" என்று கேளுங்கள். பெயர் மாற்றுங்கள், இரண்டு பேரின் குணத்தை ஒருத்தரில் கலந்துவிடுங்கள். வீட்டுச் சண்டை, சம்பளம், காதல் விஷயங்களை ஆட்டத்துக்கு நடுவே சொல்லியிருந்தால் அவை நோட்டுக்குள் வரவே கூடாது. சிறிய ஊரில் முகம் மாற்றி வரைந்தாலும் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

3. எது துணுக்கு, எது வெறும் நினைவு

நோட்டில் உள்ள ஒவ்வொன்றையும் ஆட்டத்தின் சொல் ஒன்றுகூட இல்லாமல் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "சேவிங் த்ரோவில் 1 விழுந்து பலாடின் செத்தான்" என்பதிலிருந்து சொற்களை உருவினால் மிச்சம் ஒன்றுமில்லை. "எல்லாருக்கும் எச்சரிக்கை சொன்னவனே முதலில் குழியில் விழுந்தான்" என்றால் மிச்சம் இருக்கிறது. முதலாவது அந்த மேசையின் நினைவு, நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இரண்டாவதுதான் துணுக்கு.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது டைஸில். இருபது விழுந்தது, ஒன்று விழுந்தது, அதோடு காமிக் முடிந்தது. இருபது பக்க டைஸில் எந்த எண்ணும் விழ ஐந்து சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒரு மாலை முழுக்க ஐந்து பேர் உருட்டினால் இருபதும் ஒன்றும் பல தடவை விழத்தான் செய்யும். அதில் யாருடைய தப்பும் இல்லை, யாருடைய குணமும் இல்லை. டைஸ் விழுந்ததும் ஆள் என்ன செய்தான் என்பதில்தான் சிரிப்பு இருக்கிறது.

தோண்டத் தோண்ட வருகிற இடங்கள் சில உண்டு. முதலாவது நேரம். டிஎன்டி விதிப்படி சண்டையில் ஒரு சுற்று என்பது ஆறு வினாடி. ஐந்து சுற்றில் முடிந்த சண்டை கதைக்குள் அரை நிமிடம், மேசையில் இரண்டு மணி நேரம். இந்த இடைவெளிக்குள் எத்தனை துணுக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டாவது, தேதி குறிப்பது. எல்லைக் கூட்டத்துக்கு இது தனிச் சொத்து. ஒருத்தருக்கு ஓண விடுமுறை, இன்னொருத்தருக்குப் பொங்கல் விடுமுறை, மூன்றாமவருக்கு கோவையில் ஷிஃப்ட் வேலை, நான்காமவர் பாலக்காடு போகும் கடைசி மெமுவைப் பிடிக்க வேண்டும். சாவே இல்லாத சூனியக்காரனைக் கொன்ற அணியால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடிக்க முடியாது. மூன்றாவது, டிஎம், அதாவது கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவர், மாதக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கிய அரசவம்ச வரலாற்றை விட்டுவிட்டு, வழியில் சும்மா நின்ற கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தின் பெயரைக் கேட்டு அவனைத் தத்தெடுத்துக்கொள்ளும் கூட்டம்.

ஆட்டத்தைத் தாண்டிய விஷயங்களுக்கும் இதே சோதனைதான். மினியேச்சர் பொம்மைக்கு ஸ்ப்ரே பிரைமர் அடிப்பவர்களுக்கு மழைக்காலம் எதிரி, ஈரக் காற்றில் அடித்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். ஈரம் இல்லாத மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிரைமரைப் பக்கத்து வீட்டு வேட்டிக்குக் கொண்டுபோகும். இதில் பிரைமர் என்றால் என்ன என்று தெரியாதவருக்கும் வேட்டி புரியும்.

4. ஆட்களை முடிவு செய்வது

நான்கு ஆட்டக்காரர், ஒரு டிஎம். அதற்கு மேல் போனால் நாலு கட்டத்தில் தலைகளுக்கே இடம் இருக்காது. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு ஆசை வையுங்கள்: ஒருவருக்குப் பணம், ஒருவருக்கு விதி சரியாக இருக்க வேண்டும், ஒருவருக்கு எல்லாரும் தன்னைப் பார்க்க வேண்டும், ஒருவருக்கு ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும். ஆசை தெரிந்துவிட்டால் எந்தச் சூழலில் கொண்டுபோய் வைத்தாலும் அவர்களே பேசுவார்கள். பின்கதை, ஜாதகம் எல்லாம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அது டிஎம் வேலை.

ஒவ்வொருவரும் இரண்டு உருவில் வருவார்கள்: மேசையில் உள்ள ஆள், கதைக்குள் உள்ள வீரன். இரண்டையும் ஒரே பார்வையில் பிரிக்க ஒரு வழியை முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். மேசைக்கு நேர்க்கோட்டுக் கட்டம், கதைக்கு வளைகோட்டுக் கட்டம் என்று வைப்பது எளிது. கண்ணாடி, தாடி, கொண்டை மாதிரி ஒரு அடையாளம் இரண்டு உருவிலும் தொடர வேண்டும். ஆறடிப் போர்வீரனுக்கும் அந்தக் கண்ணாடி இருந்தால் அதுவே பாதிச் சிரிப்பு.

இங்கே ஒரு எச்சரிக்கை. மலையாளம் பேசும் ஆட்டக்காரரைச் சேர்த்தால், அவர் பேச்சை இழுத்துக் காட்டுவதையே நகைச்சுவையாக்கிவிடாதீர்கள். தமிழ் சினிமா பல காலம் தேய்த்துத் தீர்த்த சரக்கு அது. எல்லை ஊரில் உங்கள் வாசகரில் பாதிப்பேர் அந்தப் பேச்சுக்காரர்களே. அவருக்கும் மற்றவர்களைப் போல ஒரு ஆசை கொடுங்கள், அதை வைத்துச் சிரியுங்கள்.

5. யார் எந்தத் தமிழில் பேசுவது

ஸ்கிரிப்டுக்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் எல்லா ஆட்களும் ஒரே வாயால் பேசுவார்கள்.

தமிழில் இந்த வகைக் காமிக்குக்கு ஒரு இயற்கையான வசதி இருக்கிறது. டிஎம் கதை சொல்லும்போது அவரை அறியாமலே சரித்திர நாவல் நடை வந்துவிடும். ஆட்டக்காரர் பதில் சொல்லும்போது தெருப்பேச்சு வரும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பலூனில் வைத்தாலே போதும்:

டிஎம்: "மூன்று திங்கள் நடந்து, முள்வனம் கடந்து, இருள் கவிந்த கோட்டையின் வாயிலை அடைந்துவிட்டீர்கள்!"

ஆட்டக்காரர்: "மூணு மாசமா? அப்ப ரேஷன் எவ்வளவுங்க கழிக்கணும்?"

ஆட்டத்திலும் வழிச்சாப்பாட்டுக்கு ரேஷன் என்றுதான் கணக்கு. சித்திக்கு ரேஷன் கடை நினைவுக்கு வரும். இரண்டு வாசகரும் வேறு வேறு காரணத்துக்காக ஒரே இடத்தில் சிரிக்கிறார்கள். இப்படி அமைவது அடிக்கடி கிடைக்காது, கிடைத்தால் விடாதீர்கள்.

ஆட்டக்காரர்களின் பேச்சில் உங்கள் ஊர் இருக்கட்டும். பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை பக்கம் என்றால் "ஏனுங்க", "போலாமுங்க" என்று வரும். கோப்ளின் வயதில் மூத்தவனாக இருந்தால் அவனையும் "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார்கள், வாளை உருவியபடியே. மரியாதை விகுதியோடு மிரட்டுவது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இயல்பாக வரும், அதை எழுதுங்கள். சென்னைப் பேச்சை இரவல் வாங்க வேண்டாம்.

மலையாள வசனத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். "ஞான் போவில்ல" என்றால் எந்தத் தமிழருக்கும் படத்தோடு சேர்த்துப் புரியும். நான்கு சொல்லுக்குள் நிறுத்துங்கள், அடிக்குறிப்பு போடாதீர்கள்.

ஆட்டச் சொற்களை மொழிபெயர்க்க முயல வேண்டாம். மேசையில் யாரும் "தற்காப்பு வீச்சு" என்று சொல்வதில்லை, "சேவ் போடு" என்கிறார்கள். மேசையில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே தமிழ் எழுத்தில் போடுங்கள். ஆனால் ஒரு காமிக்கில் இப்படிப்பட்ட சொல் இரண்டுக்கு மேல் வந்தால் சித்தி பக்கத்தைத் தள்ளிவிடுவார்.

6. ஸ்கிரிப்ட்: கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கி

முதல் கட்டத்திலிருந்து எழுதத் தொடங்குபவர்கள் ஏழாவது கட்டத்தில் முடிவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். முடிவை முதலில் எழுதுங்கள். அது சிரிப்பு வர வேண்டுமானால் வாசகருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியல்தான் முன்கட்டங்கள். பட்டியலில் இல்லாத எதற்கும் கட்டம் கிடையாது.

ஒரு உதாரணத்தை முழுக்கப் பார்ப்போம். நோட்டுக் குறிப்பு: "இரண்டு ராஜ்ஜிய எல்லையில் கோப்ளின் செக்போஸ்ட். எப்படித் தாண்டுவது என்று ஒரு மணி நேரம் திட்டம். கேட் திறந்தே இருந்தது." ஜிஎஸ்டி 2017 ஜூலையில் வந்தபின் பாலக்காடு - கோவை எல்லையான வாளையாரில் பழைய லாரி வரிசை இல்லை என்றாலும், செக்போஸ்ட் என்ற சொல்லுக்கு இங்கே எல்லார் மனதிலும் ஒரு படம் இருக்கிறது. அதனால் நல்ல களம்.

புதியவர் இதை எழுதினால் பெரும்பாலும் இப்படி வரும்: டிஎம் செக்போஸ்டை விவரிக்கிறார், மந்திரவாதியான விசார்ட் ஃபயர்பால் என்ற நெருப்புக்குண்டு மந்திரம் என்கிறார், திருடனான ரோக் மாறுவேஷம் என்கிறார், பாணனான பார்ட் பாட்டுப் பாடப் போகிறார், டைஸில் 1 விழுகிறது, கோப்ளின்கள் எல்லாரையும் அடித்துவிடுகிறார்கள். ஆறு கட்டம். முடிவை டைஸ் தருகிறது, ஆட்கள் தரவில்லை. அத்துடன் கேட் திறந்திருந்தது என்ற தங்கம் காணாமலே போய்விட்டது.

பின்னோக்கி வருவோம். கடைசிக் கட்டம்: கோப்ளின் கையில் டீ கிளாஸோடு திரும்பி வருகிறான். "டீ குடிக்கப் போயிருந்தேன். கேட் தொறந்துதானே கிடக்கு!" இது சிரிப்பு வர மூன்று விஷயம் தெரிய வேண்டும். கேட் மூடியிருக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள், நிறைய நேரம் போனது, ஒவ்வொருவரும் தன் ஆசைப்படியே திட்டம் போட்டார்கள்.

கட்டம் 1, டிஎம்: "இரு நாட்டு எல்லை. எதிரே காவற்சாவடி. என்ன செய்கிறீர்கள்?" கேட் மூடியிருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை. இது முக்கியம், பின்னால் வாசகர் திரும்பிப் போய்ப் பார்ப்பார்.

கட்டம் 2, மேசை, எல்லாரும் ஒரே நேரத்தில்: "ஃபயர்பால்!" "லஞ்சம் குடுக்கிறது விதிக்கு விரோதம்." "எவ்வளவு கேப்பான்?" "ஞான் போவில்ல."

கட்டம் 3, அதே மேசை, ஒரு வார்த்தை இல்லை. ஜன்னலில் இருட்டு, மேசையில் காலி கட்டன் டீ கிளாஸ்கள், தாளில் பெரிய வரைபடம், டிஎம் கன்னத்தில் கை.

கட்டம் 4, கோப்ளின்.

நான்கே கட்டம். அப்புறம் கடைசி வசனத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: "கேட் தொறந்துதானே கிடக்கு, நான் டீ குடிக்கப் போயிருந்தேன்." செத்துவிட்டது. சிரிப்பை வரவைக்கும் வெடி எதுவோ அதுதான் கடைசியாக வர வேண்டும், அதன்பின் ஒரு சொல்கூட வரக் கூடாது. தமிழில் வினை கடைசியில் நிற்பதால் இதற்கு மொழியே ஒத்துழைக்கும். "நான் இந்தக் கோப்ளினைக் கட்டிப்போட்டு, மிரட்டி, விசாரிச்சு… தத்தெடுத்துக்கறேன்" என்று கடைசிச் சொல்வரை பிடித்துவைக்கலாம்.

சிரிப்பு வந்தபின் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும் ஐந்தாவது கட்டம், நெற்றியில் வியர்வைத் துளியோடு பார்க்கும் முகம், "ஹாஹா" எதுவும் வேண்டாம். வாசகருக்கான வேலையை நீங்கள் செய்துவிடாதீர்கள்.

7. விதி சரிபார்ப்பு

இப்போது முதல் வாசகருக்கான வேலை. வரைந்தபின் தப்பு தெரிந்தால் கட்டத்தையே மாற்ற வேண்டிவரும் என்பதால் இதை இங்கேயே முடியுங்கள்.

அடிக்கடி பார்க்கும் தப்பு, இருபது விழுந்தால் எதுவும் நடக்கும் என்பது. டிஎன்டி ஐந்தாம் பதிப்பில் அது தாக்குதல் வீச்சுக்குத்தான். பூட்டைத் திறப்பது, ராஜாவைச் சம்மதிக்கவைப்பது போன்ற திறன் சோதனையில் இருபது தானாக வெற்றியும் இல்லை, ஒன்று தானாகத் தோல்வியும் இல்லை. பல மேசைகளில் வேறு மாதிரி ஆடுகிறார்கள், அது அந்த வீட்டு விதி. காமிக்கில் அப்படி வைத்தால் விதி சரியாக இருக்க வேண்டும் என்கிற விதி வக்கீல் கதாபாத்திரத்தை ஒரு ஓரத்தில் முறைக்கவிடுங்கள். தப்பாக இருந்தது இன்னொரு துணுக்காகிவிடும்.

ஃபயர்பாலுக்கு ஆரம் 20 அடி, அதாவது குறுக்கே 40 அடி. ஐந்தடிக் கட்ட வரைபடத்தில் எட்டுக் கட்டம். 30 அடி அறைக்குள் போட்டால் உங்கள் ஆட்களும் அதற்குள்தான். சேதம் எட்டு ஆறுபக்க டைஸ். இந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்கு அறையின் அளவைக் காட்டினாலே சிரிப்பு தொடங்கிவிடும்.

8. எழுத்து முதலில், படம் பிறகு

கட்டங்களைப் போட்டதும் பலூன்களை வையுங்கள், மிச்ச இடத்தில் ஆட்களை வரையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். படத்தை வரைந்துவிட்டு வசனத்தைத் திணித்தால் எழுத்து எறும்பாகும், அல்லது பலூன் முகத்தை மறைக்கும். நான் பார்த்த முதல் முயற்சிகளில் பாதிக்கு மேல் கெட்டது இங்கேதான்.

1080 பிக்சல் அகலப் படத்தில் எழுத்து உயரம் 40க்குக் கீழே போக வேண்டாம், போனில் கண் இடுங்கும். வரி இடைவெளியைச் சற்றுத் தாராளமாக விடுங்கள். மேல் வரியின் உகரக் கால் கீழ் வரியின் இகரக் கொக்கியில் இடிக்கும். ஒரு பலூனில் பத்துப் பன்னிரண்டு சொல் போதும். சொல்லை நடுவில் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளாதீர்கள். "போய்க்கொண்டிருக்கிறேன்" அடங்கவில்லை என்றால் "போயிட்டிருக்கேன்" என்று மாற்றுங்கள்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. கத்தலைக் காட்ட எழுத்தைத் தடித்து அளவைக் கூட்டுங்கள், முணுமுணுப்புக்குப் பெரிய பலூனுக்குள் சிறிய எழுத்து வையுங்கள். ஆச்சரியக்குறி ஒன்று போதும்.

பலூன் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் படிக்கப்படும். முதலில் பேசுபவரை இடதுபக்கம் உட்காரவையுங்கள், வால்கள் குறுக்கே வெட்டாது. வெடி வசனம் வலது கீழ் மூலையில் வரட்டும். செக்போஸ்ட் காமிக்கில் திறந்த கேட்டைக் கட்டத்தின் வலது ஓரத்தில் வரையுங்கள். இடப்பக்கம் வரைந்தால் வசனத்தைப் படிக்கும் முன்பே கண் கேட்டைப் பார்த்துவிடும்.

வரைவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகபாவமும் கையும் தெளிவாக இருந்தால் போதும், மேசையையும் அறையையும் ஒருமுறை வரைந்து நகலெடுத்துக்கொள்ளலாம். டைஸை மட்டும் சரியாக வரையுங்கள். இருபது பக்க டைஸை ஒரு முகம் நம்மைப் பார்க்க வைத்தால் வெளிக்கோடு அறுகோணம், நடுவில் ஒரு முக்கோணம். அந்த முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலிருந்தும் அறுகோண மூலைகளுக்கு மூன்று கோடு போகும். வழக்கமான டைஸில் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 21, இருபதை ஒட்டிய மூன்று முகங்களில் 2, 8, 14 இருக்கும். இருபதுக்குப் பக்கத்தில் 19 எழுதினால் அதைச் சுட்டிக்காட்டியே பத்துப் பேர் எழுதுவார்கள்.

9. இரண்டு பேரிடம் காட்டுவது

கலர் போடுவதற்கு முன், எழுத்தும் பென்சில் கோடும் இருக்கும் நிலையில் காட்டுங்கள். ஆட்டம் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் இருவரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எதுவும் பேசாமல் கையில் கொடுத்துவிட்டு, கண் எந்தக் கட்டத்தில் திரும்பிப் போகிறது என்று பாருங்கள். திரும்பிப் போன கட்டத்தில் ஏதோ குறை இருக்கிறது. பிறகு "என்ன நடந்துச்சு சொல்லுங்க" என்று கேளுங்கள். சித்தி தன் வார்த்தையில் கதையைச் சரியாகச் சொன்னால் போதும், சிரித்தே ஆக வேண்டும் என்று இல்லை.

இருவரில் ஒருவருக்குத்தான் பிடிக்கிறது என்றால்? சித்தி பக்கம் நில்லுங்கள். ஆட்டக்காரருக்குத் தேவையானதைப் பின்னணியில், சுவரில் ஒட்டிய தாளில், புத்தக முதுகில் ஒளித்துவைக்கலாம். அவர்கள் தேடிப்பிடிப்பார்கள், அதில் அவர்களுக்குச் சந்தோஷமும் உண்டு.

10. உரிமை விஷயம்

டிஎன்டியின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. அதில் உள்ளதை, சொல்லியிருக்கும் நன்றி வரியைச் சேர்த்து, காசுக்கு விற்கும் புத்தகத்திலும் பயன்படுத்தலாம். கோப்ளின், டிராகன், பெட்டி மாதிரி நடிக்கும் மிமிக், ஆந்தைத் தலைக் கரடி எல்லாம் அதற்குள் வரும். பெஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் மாதிரி சில பிராணிகளை டிஎன்டியை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் தன் சொத்தாகவே வைத்திருக்கிறது. இலவசமாகப் போடும் காமிக்குக்கு விசார்ட்ஸ் நிறுவனத்தின் ரசிகர் படைப்புக் கொள்கை இடம் தருகிறது. இது அதிகாரபூர்வமானது அல்ல என்ற அறிவிப்பைச் சேர்க்க வேண்டும், படிக்கக் காசு கேட்கக் கூடாது. நன்கொடை வாங்கலாம்.

என் யோசனை, பின்னால் புத்தகம் போடும் எண்ணம் துளி இருந்தாலும் முதல் நாளிலிருந்தே சொந்தப் பிராணிகளை வரையுங்கள். பனைமரத்து முனி, களத்துமேட்டுக் கொள்ளிவாய்ப் பிசாசு எல்லாம் யாருடைய பெயரிலும் பதிவாகவில்லை, வாசகருக்கும் நெருக்கம். நிறுவனத்தின் லோகோவை மட்டும் தலைப்பில் ஒட்டிக்கொள்ளாதீர்கள்.

11. வெளியிடுவது

எட்டுக் காமிக்காவது முடித்துக் கையில் வைத்துக்கொண்டு முதல் ஒன்றை வெளியிடுங்கள். தேர்வு, கல்யாணம், காய்ச்சல் வரும்போது அந்த இருப்புதான் ஓடும். வாரம் ஒன்று என்று ஆரம்பித்து அதிலேயே நில்லுங்கள். தினம் ஒன்று என்று அறிவிப்பவர்கள் ஒரு மாதம் தாண்டுவதை நான் பார்த்ததில்லை.

இன்ஸ்டாகிராமுக்கு 1080க்கு 1350 அளவில், ஒரு கட்டத்துக்கு ஒரு படம் என்று வரிசையாகப் போடுவது நமக்கு வசதி. கடைசிக் கட்டம் தள்ளிப் பார்க்கும்வரை மறைந்தே இருக்கும். வெப்டூன் தளத்துக்கு என்றால் 800 பிக்சல் அகலத்தில் மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். அதனால் கட்டங்களைத் தனித்தனி அடுக்காக வைத்து வரையுங்கள், இரண்டுக்கும் மாற்றலாம். ஜேபெக் கோப்பில் எழுத்தோரம் கறை மாதிரி கலங்கும், பிஎன்ஜியாகச் சேமியுங்கள். மூலக் கோப்பை 300 டிபிஐயில் வைத்திருந்தால் பின்னால் அச்சுக்குத் திரும்ப வரைய வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் காமிக் அதிகம் பரவுவது வாட்ஸ்அப் குழுக்களில். அங்கே படம் நசுங்கும், ஓரம் வெட்டப்படும், உங்கள் பெயர் காணாமல் போகும். பெயரைக் கீழ் ஓரத்தில் போடாமல் கட்டத்துக்கு உள்ளே, மேசைக் கால், டீ கிளாஸ் மாதிரி ஒரு இடத்தில் சிறியதாக எழுதுங்கள். வெட்டி எடுப்பவர்கள் படத்தையே கெடுக்காமல் அதை அகற்ற முடியாது. நண்பர்களுக்கு நீங்களே அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பினால் நசுங்காது. ஒவ்வொரு பதிவோடும் நான்கு கட்ட வசனத்தையும் எழுத்தாகச் சேர்த்துவிடுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்கள் படிக்கலாம். ஆறு மாதம் கழித்து "அந்தச் செக்போஸ்ட் கோப்ளின் எங்கே?" என்று ஒருத்தர் கேட்டால் தேடி எடுத்துக் கொடுக்கவும் முடியும்.